முதல் கூற்றை மூடிய கை

“அந்தப் பையும் பீஸ் கட்டிச் சேர்ந்திருக்கு போல.”

தண்ணீர் கேன் பக்கத்தில் யாரோ ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி சிரித்தாள். பின்னால் செண்பகவல்லி நிற்பதை இருவரும் பார்க்கவில்லை. அவள் பாட்டிலை நிரப்பாமலே திரும்பினாள்.

பாளையங்கோட்டைப் பயிற்சி மையத்தில் வங்கித் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்கள், பிந்தி வருகிறவர்களுக்காகப் பெஞ்சில் பை வைத்து இடம் பிடிப்பது வழக்கம். செண்பகவல்லி குமரேசனுக்காக வைத்தாள். அவன் தேறி, ராய்ப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் பையை வைக்கிறாள்; யாராவது கேட்டால், ஆள் வருது என்பாள். காத்திரு, வந்து கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போயிருந்தான். வீட்டில் பேசிய வரன்களை எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகத் தட்டிக் கழித்தாள்.

அன்று வகுப்புக்கு முன் எஸ்தரிடம் விடைத்தாளை நீட்டினாள். குமரேசனையும் சேர்த்து மூன்று பேரும் ஒரே பேட்ச். எஸ்தர் இப்போது அங்கேயே பாடம் எடுத்தாள். செண்பகவல்லி அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு கூற்றுகள். விடை வேண்டாம், அதைக் கண்டுபிடிக்க எந்தக் கூற்று போதும் என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் கணக்குகள் மட்டும் தனக்கு ஏன் தப்புகின்றன என்று கேட்டாள்.

எஸ்தர் தாளைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் ‘இரண்டும் சேர்ந்தால்தான் போதும்’ என்றே குறித்திருந்தது. தாளைத் திருப்பி எழுதினாள்.

கேள்வி: குமரேசன் வருவானா?

முதல் கூற்று: காத்திருக்கச் சொன்னான்.

இரண்டாம் கூற்று: போன் நம்பரை மாற்றினான். புது நம்பரை நம்மோடு படித்த எல்லோருக்கும் கொடுத்தான், உனக்குக் கொடுக்கவில்லை.

செண்பகவல்லி முதல் கூற்றைத் தொட்டுக் காட்டினாள்.

“மறந்திருப்பான் மிஸ். காத்திருன்னு சொன்னவன் வேணும்னு செய்வானா?”

எஸ்தர் முதல் கூற்றின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

“இப்போ ரெண்டாவதை மட்டும் படி.”

படித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

“போதுமா?”

“அது எப்படி மிஸ்...”

“போதுமான்னுதான் கேட்டிருக்கு, செண்பகம். பிடிச்சிருக்கான்னு கேக்கல.”

வகுப்பு நிரம்பியது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி உட்கார இடம் தேடி நின்றாள்.

செண்பகவல்லி பெஞ்சிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.