மண்ணுக்குள் போன மாத்திரை

குளத்தங்கரை நாவல் மரத்தில் வரியழகி என்ற அணில் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள். ஒரு காலத்தில் அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துக் குரங்குகளே வாயைப் பிளக்கும். இப்போதோ கூட்டை விட்டு எட்டிப் பார்க்கவே அலுப்பாக இருந்தது. வெயிலிலும் குளிரெடுத்தது. வாலில் முடி கொட்டியது. எல்லாவற்றையும் விட, பெற்ற குட்டிகளைப் பார்த்தும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அதை நினைத்துத்தான் அதிகம் பயந்தாள், பாவம்.

மரங்கொத்தி வைத்தியர் வந்தார். கழுத்தை மெல்லத் தட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார்.

"கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பி சரியா வேலை செய்யலை, அம்மா. பயப்படாதீங்க! தினமும் விடிஞ்சதும் வெறும் வயித்துல ஒரு மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது!" என்று சொல்லி, இலைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே பக்கத்துக் கிளை மைனா ஓடோடி வந்தாள்.

"தங்கச்சி, உனக்கு என்ன கொண்டு வந்திருக்கேன் பாரு! அமினோ அமிலத் தூள்! ஊருக்குள்ள ஜிம் ஜன்னலோரம் டப்பா டப்பாவா இருக்கு. மனக்கவலை போகுமாம், உற்சாகம் வருமாம், தைராய்டுக்கும் நல்லதாம்! போன மாசம் நான் அழுதுக்கிட்டே கிடந்தேன்ல? இதைத் தின்னேன். இப்போ பாட்டே பாடுறேன்!"

மைனா பொய் சொல்லவில்லை. அவளுக்கு வரியழகி மேல் அவ்வளவு பாசம்.

வரியழகி யோசித்தாள். தூளை மைனா தினமும் கொண்டு வருவாள். மாத்திரையோ கொஞ்சம்தான் இருக்கிறது. நல்ல பொருள் கிடைத்ததும் தின்று தீர்ப்பது அணில் குலத்தில் பெரிய அவமானம். குழி தோண்டிப் புதைத்து, கஷ்ட காலத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியே செய்தாள், புத்திசாலி!

ஒரு மாதம் போயிற்று. தூள்தான் உள்ளே போயிற்றே தவிர உற்சாகம் வரவில்லை. 'தூள் நல்ல தூள்தான். நான்தான் சோம்பேறி' என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படுத்துக் கிடந்தாள்.

ஒரு நாள் காலை, கடைக்குட்டி கிளையின் நுனிக்குப் போய்விட்டது. கிளை வளைந்தது. கீழே குளம்!

"அம்மா!"

வரியழகி எழுந்து ஓடினாள். பாதி வழியிலேயே கால் மடங்கிக் கிளைமேல் விழுந்தாள். குட்டியின் பிடி நழுவியது. நல்ல வேளை, மைனா பாய்ந்து வந்து அதன் பிடரியைக் கவ்வினாள். சிறகு வலிக்க வலிக்கப் பறந்து கூட்டில் கொண்டு வந்து சேர்த்தாள்.

"பெத்த பிள்ளையைப் பிடிக்க முடியலையே, அக்கா! நானெல்லாம் ஒரு தாயா?" என்று வரியழகி தேம்பித் தேம்பி அழுதாள்.

மைனா உடனே வைத்தியரைக் கூட்டி வந்தாள்.

"மாத்திரை எல்லாம் எங்கே அம்மா?" என்று கேட்டார் வைத்தியர்.

"பத்திரமா இருக்கு, டாக்டர்!"

"எங்கே?"

"மண்ணுக்குள்ள. கஷ்ட காலத்துக்கு எடுத்து வச்சிருக்கேன்."

"இதைவிடக் கஷ்ட காலம் இனிமே எங்கிருந்து வரணும்!" என்று வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டார்.

மைனா, தான் தின்று தேறிய தூளைப் பற்றிச் சொன்னாள். "தைராய்டு சுரப்பிக்கு மூலப்பொருளே இதுல இருக்குன்னு சொன்னாங்களே, டாக்டர்!"

"இருக்கட்டும். சுள்ளியைக் கொண்டு வந்து குவிச்சா கூடு ஆயிடுமா? கட்டுறவ அந்தச் சுரப்பிதான், அவளே சுருண்டு படுத்திருக்காளே! எதைச் சாப்பிடுறதா இருந்தாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? சரி, உங்களுக்கு என்ன வியாதி இருந்தது?"

மைனா தலை குனிந்தாள். "வியாதி இல்லை. என் குஞ்சுகள் பறந்து போயிடுச்சுங்க. கூடு வெறிச்சுன்னு இருந்தது. தூள் தின்ன ஆரம்பிச்ச அன்னிலேர்ந்தே தினமும் இங்கே வந்து, இதுகளோட விளையாடினேன்."

"அப்போ உங்களைத் தேத்தினது இந்தக் குட்டிகள்தான், அம்மா" என்றார் வைத்தியர், குரலைத் தாழ்த்தி.

வரியழகி மைனாவின் சிறகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "இவ்வளவு துக்கத்தை வச்சுக்கிட்டா எனக்காக ஓடி ஓடி வந்தே, அக்கா?"

வைத்தியர் புது மாத்திரை கொடுத்தார். மறுநாளிலிருந்து விடிந்ததும் மைனா வந்துவிடுவாள். "வாயைத் திற! முழுங்கிட்டியா? நாக்கைக் காட்டு!" என்று அதட்டுவாள். பிறகு குட்டிகளை விளையாட அழைத்துப் போவாள்.

உடம்பு மெதுவாகத்தான் தேறியது. வைத்தியர் இரண்டு முறை ரத்தம் சோதித்து மாத்திரையின் அளவை மாற்றினார். மூன்றாம் மாதம் ஒரு காலையில், வரியழகி தானாகவே எழுந்து குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கிக் கொடுத்தாள்.

"அக்கா, இதுகளைப் பார்த்தா எனக்குச் சந்தோஷமா இருக்கு!" என்று கத்தினாள்.

மைனாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

எவ்வளவு பாசத்தோடு கொடுத்தாலும் ஒருவரைத் தேற்றியது இன்னொருவர் நோய்க்கு மருந்தாகாது. நம் நோயை அறிந்து வைத்தியர் தந்த மருந்தை நாம் அன்றன்றே சாப்பிட வேண்டும்.