யார் கொடுத்த சீக்கு?

விடை தெரிந்தவர்கள் கதை முடியும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது பாதி அவிழ்ந்ததுமே முழுதும் அவிழ்ந்துவிட்டதுபோலப் போக்குக் காட்டுகிற புதிர்.

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஒரு சிற்றூர், அங்கே ஓர் அரசு மருத்துவமனை. அதில் பால்வினை நோய்களுக்கென்று தனி அறை உண்டு. வாசலில் 'சுகவாழ்வு மையம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். அந்தப் பெயரை நம்பி மூட்டுவலிக்கு மருந்து கேட்டு வந்தவர்களும் உண்டு. அங்கே ஆலோசகராக இருந்தவள் பூங்கோதை. நோயாளிகளிடம் பக்குவமாகப் பேசுவதுதான் அவள் வேலை.

ஒரு நாள் காலையில் தவமணி என்ற பெண்ணை அவள் கணவன் கைத்தாங்கலாக அழைத்துவந்தான். தவமணி நூல் மில்லில் வேலை செய்பவள். முந்தின நாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கிளம்பியவளை மில் மேஸ்திரி பஞ்சுக் குடோனில் வைத்துப் பலாத்காரம் செய்துவிட்டான். கணவன் செங்கோடன் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவன். போர்வெல் போடுகிற அந்த லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டான். இந்த முறை வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவன் உள்ளங்கை இரண்டும் செம்புள்ளி பூத்துக் கிடந்தன. என்னவென்று கேட்டதற்கு, "மிசின் ஆயிலு ஒத்துக்கலீங்க" என்றான்.

நல்ல மனுஷன்தான். ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டுத்தான் மருத்துவமனைக்கே வந்திருந்தான். சமரசம் பேச மில்லிலிருந்து வந்த ஆளை வாசலிலேயே விரட்டியடித்திருந்தான். "நீ என்ன தப்புப் பண்ணுன புள்ள, எதுக்குத் தலையக் குனியற?" என்று எல்லார் எதிரிலும் மனைவியைக் கேட்டான். பூங்கோதை அந்த அறையில் எத்தனையோ கணவன்மாரைப் பார்த்திருக்கிறாள். வாசலோடு நின்றுகொள்பவர்கள்தான் அதிகம். இவனைக் கண்டதும் அவளுக்கு மனசு இளகிப்போயிற்று.

டாக்டர் நஸ்ரின் பரிசோதித்துவிட்டு, தொற்றக்கூடிய நோய்களுக்கு முன்னெச்சரிக்கையாக மாத்திரை கொடுத்தார். அன்றைக்கே ரத்தமும் எடுத்தார்கள். மறுநாள் முடிவு வந்தது. மற்றதெல்லாம் இல்லை, சிபிலிஸ் என்கிற மேகநோய் மட்டும் இருந்தது. ஆனால் மேகநோய் உடம்புக்குள் புகுந்து ரத்தத்தில் தெரியச் சில வாரமாவது பிடிக்கும். ஒரே ராத்திரியில் தெரியாது.

கெட்டிக்காரர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆமாம், அது மேஸ்திரி கொடுத்ததல்ல. வடக்கேயிருந்து செங்கோடன் கொண்டுவந்தது. அவன் உள்ளங்கைப் புள்ளிகளும் அதன் அடையாளம்தான். புதிர் அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஊசி போட்டால் போய்விடுகிற நோய்தான். ஆனால் இருவருக்கும் போட வேண்டும். ஒருவருக்குப் போட்டு இன்னொருவரை விட்டால் மறுபடியும் வந்து ஒட்டிக்கொள்ளும். "அந்தம்மாகிட்ட பேசி, வீட்டுக்காரர்கிட்டயும் உண்மையச் சொல்லச் சம்மதிக்க வைங்க பூங்கோதை. மருந்து குடுக்கிற இடத்துல பொய் கூடாது" என்றார் நஸ்ரின்.

பூங்கோதை தவமணியைத் தனியாக உட்காரவைத்து விவரத்தைச் சொன்னாள். தவமணி அழவில்லை.

"எங்கூர்ல இதுக்குப் பேரே பொம்பளைச் சீக்குங்கக்கா. ஆம்பளைக்கு வந்தாலும் பொம்பளைச் சீக்குத்தான். தன்னால எனக்கு வந்துச்சுன்னு அவருக்குத் தோணவே தோணாது. முன்னயே எவங்கூடவோ போயிருக்கறா, இப்பப் பழிய மேஸ்திரி மேல போடறான்னுதான் தோணும். இப்ப எம்பக்கம் நிக்கறது அவரு ஒருத்தருதானுங்க. மேஸ்திரி குடுத்ததுன்னே சொல்லிருங்க."

"மேஸ்திரி ரத்தத்தையும் எடுப்பாங்க தவமணி. அவனுக்கு இல்லைன்னு வந்துட்டா கேஸ் என்ன ஆகும்?"

"கேசு அப்பறமுங்கக்கா. இன்னைக்கு நான் வூட்டுக்குப் போகோணும்."

பூங்கோதைக்கு உண்மையைச் சொல்லவும் வழியில்லை, பொய் சொல்லவும் மனம் வரவில்லை. அவருக்கும் ஊசி போட வேண்டும் என்பதை மட்டும் சொல்லட்டுமா என்று தவமணியிடம் கேட்டுக்கொண்டு, செங்கோடனை உள்ளே கூப்பிட்டாள். "இந்த ஊசிய ஒருத்தருக்குப் போட்டா, கூட வாழறவங்களுக்கும் சேத்துத்தான் போடுவோம். எங்க வழக்கம் அது" என்றாள். எப்படியோ சமாளித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த நாயி சீக்கையும் குடுத்துட்டுப் போயிட்டானுங்களா? போடுங்க. எம் பொண்டாட்டிக்காக இதக்கூடத் தாங்கிக்க மாட்டனுங்களா?"

பூங்கோதை ஊசிச் சீட்டை எடுத்து நீட்டினாள். அவன் ஊசியைப் போட்டுக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய், "சீக்கு வேற குடுத்திருக்கறான், அதையும் எழுதுங்க" என்று எழுதவைத்தான். ஊரே அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. இப்படியொரு புருஷன் அமைய நீ கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பார்க்க வந்த பெண்களெல்லாம் தவமணியிடம் சொன்னார்கள். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

உண்மையைச் சொல்லச் சொன்னவர் நஸ்ரின். பொய்யைச் சொல்லக் கேட்டவள் தவமணி. இரண்டையும் சொல்லாமல் ஊசியை மட்டும் போடவைத்தவள் பூங்கோதை. இப்போது நீங்கள் சொல்லுங்கள், இந்த மூவரில் நியாயம் யார் பக்கம்?

விடை: தவமணியின் பக்கம். நோய் அவள் உடம்பில் இருந்தது, அந்த வீட்டில் வாழப்போகிறவளும் அவள்தான். யாரிடம் எதைச் சொல்வது என்று தீர்மானிக்க அவளைத் தவிர ஒருவருக்கும் உரிமையில்லை. நஸ்ரின் கேட்ட உண்மைக்கு மருத்துவமனையில் இடமிருந்தது, தவமணியின் தெருவில் இல்லை. இரண்டு பேரும் குணமானார்களே, பூங்கோதைதான் சரி என்பீர்கள். ஆனால் அவள் சொல்லாமல் விட்ட இடத்தில் பொய் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நியாயம் தன் பக்கம் இருந்து தவமணிக்கு என்ன பலன்? மேஸ்திரிக்கு மேகநோய் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது. கோர்ட்டில் சாட்சி சொல்லப் போவதற்கு முன்பு அவள் பூங்கோதையைத் தேடி வந்தாள். "அப்ப யாரு குடுத்ததுன்னு அவன் வக்கீலு கேப்பானுங்கக்கா. எங்க வூட்டுக்காரரும் தொணைக்கு வர்றாரு. நான் யாரச் சொல்லட்டும்?" என்று கேட்டாள். பூங்கோதை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குமேல் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.