ஆமையாரும் சம்மதம்

அந்தக் காலத்தில், வாயுள்ளதெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, ஆமையின் தலை எப்போதும் ஓட்டுக்கு வெளியேதான் இருக்கும். அது இருந்த ஏரிக்கு ஒரு சபை உண்டு. சபையில் எல்லாம் நாரை, கொக்கு, நீர்க்காகம். தண்ணீரில் கிடக்கிறவர் ஒருவராவது இருந்தால் பார்க்க நன்றாயிருக்கும் என்று தலைவர் நாரை சொல்லி, ஆமைக்கும் கடைசிக் கல்லில் ஓர் இடம் கொடுத்தார்கள்.

அங்கே சம்மதம் என்றால் கழுத்தை நீட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஒரு வழியும் வைக்கவில்லை. ஆமை வாய்திறக்கக் கழுத்தை நீட்டினாலே போதும், "ஆமையாரும் சம்மதம்" என்று நாரை அடுத்த பேச்சுக்குப் போய்விடும். முதலில் சுருக்கென்றது. போகப் போக, நம் பேரையும் சொல்கிறார்களே, அது போதாதா என்று ஆமை இருந்துவிட்டது. கெண்டை மீன்களிடம் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

ஒரு கோடையில் நாரை சொன்னது: "மேலக்கரையை ஒரு முழம் வெட்டிவிடுவோம். தண்ணி இறங்கினா மீன் சுலபமா கிடைக்கும். அப்புறம் அடைச்சுக்கலாம்."

ஆமைக்குப் பகீரென்றது. அது குடியிருந்ததே அந்தக் கரையடியில்தான். உள்ளே முழுக்க நண்டு வளை. ஒரு முழம் வெட்டினால் கரையே நிற்காது. கழுத்தை எட்டியமட்டும் நீட்டியது.

"ஐயா, அந்தக் கரை..."

"ஆமையாரும் சம்மதம்."

"இல்லீங்க, அடியில நண்டு..."

"எவ்வளவு நீட்டுறார் பாருங்க! நம்மளவிட அவருக்குத்தான் அவசரம்" என்றது கொக்கு.

சபை சிரித்தது. ஆமையும், ஐயோ பாவம், கூடச் சேர்ந்து சிரித்துவைத்தது.

உச்சிப்பொழுதில் அலகுகள் கரையைக் கொத்தின. பொழுது சாய்வதற்குள் கரை மொத்தமும் சரிந்து, ஏரி வெறும் சேறாயிற்று. பறவைகள் வேறு ஏரி தேடிப் பறந்துவிட்டன. ஆமைக்கு ஏது இறக்கை? சேற்றில் தவழ்ந்து போனது. ஒரு காலடிக் குழியில் தேங்கிய தண்ணீரில் ஒரு கெண்டை, தன் குஞ்சுகளோடு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அவங்க பறக்கிறவங்க. நீங்களுமா கழுத்தை நீட்டினீங்க?"

பேசத்தான் நீட்டினேன் தங்கச்சி என்று சொல்ல ஆமை வாயெடுத்தது. கூடச் சேர்ந்து சிரித்தது நினைவுக்கு வந்துவிட்டது. கெண்டையின் முகத்தைப் பார்க்கமுடியாமல், வெட்கம் பிடுங்கித் தின்ன, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

அன்று முதல்தான், நாலு பேர் சுற்றி நின்றாலே ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எத்தனை தட்டினாலும் நீட்டாது, எங்கே தன்னையும் சம்மதத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று.