கோச் கொக்கும் கோல்கீப்பர் எருமையும்

அல்லிக்குளத்துக் காட்டின் கால்பந்து அணிக்குப் புதிய கோச் வந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு கொக்கு! பழைய கோச்சான கரடி, தேன் எடுத்து வருகிறேன் என்று மலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது.

கொக்கு ஒற்றைக் காலில் நின்று அணியை மேலும் கீழும் பார்த்தது. முயலின் காதில் புல் ஒட்டியிருந்தது. குரங்கு எதையோ மென்றுகொண்டிருந்தது. கோல்கீப்பர் எருமை காராயிக்கு உடம்பெல்லாம் காய்ந்த சேறு.

"சேச்சே! என்ன அசிங்கம் இது!" என்றது கொக்கு.

"காராயி அக்கா எப்பவும் இடைவேளையில சேத்துல புரண்டுட்டு வந்துதான் ஆடும், கோச்" என்றது குரங்கு.

"இனிமே அதெல்லாம் கிடையாது! இது அணியா, பன்றித் தொழுவமா?"

பக்கத்தில் நின்ற காட்டுப்பன்றிக்கு முகம் சுருங்கிவிட்டது. காராயி ஏதோ சொல்ல வாயெடுத்தது.

"பேச்சு வேண்டாம்! எல்லாரும் போய்க் குளிச்சுட்டு வாங்க!" என்று கத்தியது கொக்கு.

குளத்தைச் சுற்றியிருந்த காடுகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. போட்டிகள் முடியும்போது கடைசி இடத்தில் நிற்கும் அணி, கோடை முழுக்கக் குளத்தில் இறங்கக் கூடாது. பாறைக்குழியில் கிடக்கும் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். முயலுக்கு அது போதும். ஆனால் எருமைக்கு? சித்திரை வெயிலில் குளம் இல்லாத எருமை பிழைப்பதே பெரிய காரியம்.

போட்டிகள் தொடங்கின. அல்லிக்குளத்து அணி பளபளவென்று இறங்கியது. காலை நேரத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. வெயில் ஏறியதும் ஈக்கள் வந்தன. சும்மா ஈ இல்லை, தோலைத் துளைக்கும் மாட்டு ஈ! காராயி வாலைச் சுழற்றும். காதை அடித்துக்கொள்ளும். விலாவை நக்கத் தலையைத் திருப்பும். அந்த நேரம் பார்த்துப் பந்து உள்ளே போய்விடும்.

கொக்கு தூரத்து மரக்கிளையில் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் எருமை தெரிந்தது, ஈ தெரியவில்லை.

"சோம்பேறி! நாளையிலேர்ந்து மலையைச் சுத்தி ஓடு!" என்றது கொக்கு.

காராயி ஓடியது. அடுத்த ஆட்டத்திலும் தோற்றார்கள். இன்னும் ஓடியது. இன்னும் தோற்றார்கள். உண்மை முயலுக்குத் தெரியும், குரங்குக்கும் தெரியும். ஆனால் கோச்சிடம் போய்ச் சொல்ல ஒன்றுக்கும் தைரியம் வரவில்லை.

கடைசி ஆட்டம் நரிகளோடு. அதுவரை ஒரு வெற்றிகூட இல்லை. இதில் ஜெயித்தால் நரிகள் கடைசி இடத்துக்குப் போகும். இல்லாவிட்டால் குளம் போச்சு! இடைவேளை வரை கோல் எதுவும் விழவில்லை. ஆனால் உச்சி வெயில் வந்துவிட்டது. நரிகள் சிரித்துக்கொண்டே காத்திருந்தன.

கொக்குக்குக் கோபம் பொங்கியது. காராயியைத் திட்டுவதற்காக முதல் தடவையாகக் கோல் கம்பத்துக்கே பறந்து வந்தது.

"இந்தத் தடவையும் பந்தை விட்டே..." என்று ஆரம்பித்தது. அதற்குமேல் பேச முடியவில்லை. காராயியின் காதோரம் கொழுகொழுவென்று ஒரு ஈ! கொக்கின் அலகு தானாகப் பாய்ந்தது. லபக்! பிறகு இன்னொன்று. லபக்!

"அப்பாடா!" என்று கண்ணை மூடியது காராயி.

கொக்கு அப்போதுதான் அதன் தோலைக் கிட்டத்தில் பார்த்தது. உடம்பெங்கும் ரத்தத் திட்டுகள்.

"எப்பவுமே இப்படியா கடிக்கும்?"

"வெயில் ஏறினா இப்படித்தான், கோச். மேல சேறு இருந்தா ஈ அண்டாது. அதுக்குத்தான் புரள்வேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன். பேச்சு வேண்டாம்னுட்டீங்களே!"

கொக்கு தலையைக் குனிந்துகொண்டது. அதற்கு வெட்கமாக இருந்தது. "தப்பு என்னோடதும்மா! ஓடு, போய் ஆசை தீரப் புரண்டுட்டு வா!"

காராயி சேறு சொட்டச் சொட்டத் திரும்பி வந்து நின்றது. ஒரு ஈகூட அண்டவில்லை. நரிகள் வலப்பக்கம் அடித்தன, இடப்பக்கம் அடித்தன. எல்லாவற்றையும் காராயி தடுத்தது. கடைசியில் நரித் தலைவன் முழு பலத்தோடு ஓங்கி உதைத்தான். பந்து காராயியின் விலாவில் மோதி, சேற்றிலேயே அப்பிக்கொண்டது!

காராயி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. பந்து பறந்து முயலின் முன்னால் விழுந்தது. முயல் விட்டது பார் ஓட்டம்! நரிகள் திரும்புவதற்குள் கோல்!

அல்லிக்குளத்து அணிக்குக் கிடைத்தது கோப்பை அல்ல, கடைசிக்கு முந்தின இடம்தான். அதனால் என்ன, குளம் தப்பித்தது! எல்லோரும் மூச்சு வாங்க ஓடிப்போய்த் தண்ணீரில் விழுந்தார்கள். காராயி மூக்கை மட்டும் வெளியே நீட்டி, பெருமூச்சு விட்டது. அதன் முதுகில் வந்து உட்கார்ந்த கொக்கின் வெள்ளைச் சிறகெல்லாம் சேறு. கொக்கு அதைத் துடைக்கவே இல்லை. அடுத்த ஈயைத் தேடிக்கொண்டிருந்தது.

ஒருவருடைய பழக்கத்தைக் குற்றம் என்று தடுப்பதற்கு முன்னால், அது அவருக்கு எதற்காகத் தேவைப்படுகிறது என்று பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும்.