பஸ் நிறுத்தத்துச் சுவரில் பாக்கியத்தாய்

"தம்பி, கிழிச்சிராதீங்க" என்றார், ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற சுடலைமுத்து.

மேலே இருந்தவர் மூலை ஆணியைக் கழற்றினார். பிளெக்ஸின் ஒரு முனை மடிந்து விழுந்து, படத்தில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் நெற்றியை மறைத்தது. அவள் பெயர் பாக்கியத்தாய். சுடலைமுத்துவின் மனைவி. முந்தின நாள்தான் அவளை அடக்கம் செய்திருந்தார்கள்.

ஏணியைக் கண்டதும் டீக்கடை மாசானம் ரேடியோவை நிறுத்தியிருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

எதிரே இருந்த புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து அமலோற்பவம் வேகமாகச் சாலையைக் கடந்து வந்தாள். அங்கே மக்கள் தொடர்புப் பிரிவு என்பது அவள் ஒருத்திதான். நான்கு வருடங்களுக்கு முன் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பாக்கியத்தாயைப் படம் எடுத்ததும், அதன் கீழே 'நான் மீண்டு வந்தேன்' என்று எழுதியதும் அவள்தான். பழைய எக்ஸ்ரே படங்கள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு மேசை உண்டு. பகல் முழுவதும் அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை.

வெவ்வேறு ஊர்ப் புற்றுநோய் மருத்துவமனைகளில் இதே வேலையில் இப்படியே தனியாக உட்கார்ந்திருந்த சிலர், தாங்களாகவே சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். யாரும் சொல்லி நடத்தியதல்ல. மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கணினித் திரையில் கூடுவார்கள். எந்தப் படத்தைப் பார்த்து ஜனங்கள் பரிசோதனைக்கு வந்தார்கள், எந்த வரி அவர்களைப் பயமுறுத்தியது என்று பேசுவார்கள். ஒருவர் எடுத்த படத்தை மற்றவர் தன் ஊரில் வைத்துக்கொள்ளலாம். விதி ஒன்றுதான்: படத்தில் இருப்பவர் இறந்துவிட்டால், சேதி கிடைத்த அன்றே எல்லா ஊரிலும் அதை இறக்கிவிட வேண்டும்.

சேதி அன்று காலையில்தான் கிடைத்தது. மத்தியானத்துக்குள் மற்ற ஊர்களில் பாக்கியத்தாய் இறங்கிவிட்டாள். மிச்சம் இந்தச் சுவர்தான்.

"இது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமேம்மா" என்றார் சுடலைமுத்து.

"கழற்றி உங்களுக்கே தந்துடறேன் ஐயா. வீட்டில வச்சுக்குங்க."

"வீட்டுல மாட்டுனா செத்தவ படம்மா. மாலை போடணும், விளக்கு வைக்கணும். இங்கன நின்னா வேலைக்கு வந்தவ கணக்கா நிக்கா. நான் சாயங்காலம் வந்து பாத்துட்டுப் போவேன். வேற எனக்கு எங்க போக இருக்கு?"

அமலோற்பவம் கொஞ்சம் தள்ளிப் போய், திருச்சியில் குழுவை ஒருங்கிணைக்கும் இக்பாலை போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, விதியை எழுதினதே நீங்க. நான் கமா போட்டதோட சரி" என்றார் இக்பால். பிறகு குரல் மாறியது. "செத்தவங்க வாயால மீண்டு வந்தேன்னு சொல்ல வைக்கிறது பொய் அக்கா. நாம பொய் சொல்றோம்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும். அப்புறம் யாரு நம்பி வருவா?"

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பக்கத்தில யாராவது இருக்காங்களா அக்கா?"

"ஏணிக்காரர் இருக்கார்."

அப்போது பஸ் வந்தது. ஜெயராணி இறங்கினாள். தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். மருந்து ஏற்றிக்கொள்ள வரும் நாள். சிகிச்சைக்கு வரும்போதெல்லாம் இந்தப் படத்தின் ஓரத்தைக் கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். அமலோற்பவம் பல முறை பார்த்திருக்கிறாள். ஜெயராணி முதலில், சாயங்காலங்களில் இந்தப் படத்தின் முன்னால் அவள் கண்டிருந்த, இப்போது ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தாள். பிறகுதான் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் அருகில் வந்தாள்.

"ஐயா, இந்த அக்கா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா" என்றார் சுடலைமுத்து. "வீட்டுலதான் இருக்கா."

போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இக்பால் "அக்கா, சொல்லிடுங்க" என்றார். அமலோற்பவம் போனை அணைத்தாள்.

"நான் கேட்டேன்னு சொல்லுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு ஜெயராணி சாலையைக் கடந்தாள்.

"சாயங்காலம் கழற்றிக்கலாம். இப்ப இறங்குங்க" என்றாள் அமலோற்பவம் ஏணிக்காரரிடம்.

கதை இவ்வளவுதான். படத்தை அன்றே இறக்க வேண்டும் என்ற இக்பால், நல்லா இருக்கா என்று சொன்ன சுடலைமுத்து, அதைக் கேட்டும் வாயைத் திறக்காத அமலோற்பவம். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை சொல்லுமுன், அந்த நிறுத்தத்தில் இருந்தவர்களைப் பாருங்கள். இதற்கு முன்னும் இதே சுவரிலிருந்து படங்கள் இறங்கியிருக்கின்றன. சுவரில் ஏணி சாய்ந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று டீக்கடைக்காரருக்குத் தெரியும். சிகிச்சைக்கு வரும் எல்லோருக்கும் தெரியும். பொய் சொல்லிவிடக் கூடாதே என்று குழு போட்ட விதி, இத்தனை காலமும் அந்தச் சுவரில் சாவுச் சேதியை ஒட்டிக்கொண்டிருந்தது. விதி போட்டவர்களிடம் மட்டும் இதை யாரும் சொல்லவில்லை. ஜெயராணி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அறிந்துவிட்டாள். அவள் கேட்டது தனக்காக அல்ல. ஆகவே சுடலைமுத்துவின் பதிலால் ஏமாந்தவர் எவருமில்லை. அமலோற்பவத்தின் மௌனம் எதையும் மறைக்கவில்லை. இக்பாலின் கவலைக்கும் அங்கே இடமில்லை. சரியாகச் செய்தவள், நான் கேட்ட கேள்வியில் பெயரில்லாத நாலாவது ஆள்.

சாயங்காலம் பிளெக்ஸ் கிழியாமல் இறங்கியது. சுடலைமுத்து அதை வாங்கிக்கொள்ளவில்லை. வெறும் சுவருக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மருந்து ஏற்றிக்கொண்டு வெளியே வந்த ஜெயராணி அதே பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் ஊர் பஸ் வந்து நின்றது. நடத்துநர் ஊர் பெயரை இரண்டு முறை கூவினார். ஜெயராணி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பிப் போனது.