வெள்ளைப் புல்லில் ஒரு கறுப்பு வட்டம்

பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறேன். கை அது பாட்டுக்கு உரிக்கட்டும். நீங்கள் இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள் பிள்ளைகளா, தொட்டிலில் குழந்தை தூங்குகிறது, எனக்குச் சத்தமாகச் சொல்ல வராது.

ஒரு மலைக்காடு. அங்கே ஓடைக்கரைச் சரிவில் ஒரு சுண்டெலி இருந்தது. பேர் அரும்பு. அதற்குக் குளிர் என்றாலே உயிர் போகும். போன தை மாதம் உறைபனி விழுந்தபோது, கண் திறக்காத அதன் குட்டிகள் எல்லாம் விடிவதற்குள் விறைத்துப் போயின. வளை பெரியது, வாயும் அகலம். அரும்பின் சின்ன உடம்புச் சூடு அத்தனை இடத்துக்கும் போதவில்லை.

இந்த வருஷம் மறுபடி வயிறு கனத்தது. அரும்புக்குத் தூக்கம் போச்சு. முயல் நாச்சாத்தாளிடம் போய் அழுதது.

"அக்கா, இந்தத் தடவையும் அப்படி ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அழுவாதடி! எனக்கும்தான் முதுகு நடுங்குது. தனித்தனியா இருந்தா தனித்தனியாத்தான் விறைக்கணும். ஒட்டி ஒட்டி வளை தோண்டிக்கலாமா? என் சூடு உன் சுவத்துக்கு வரும். உன் சூடு என் சுவத்துக்கு வரும்!"

"என் சூடு எம்மாத்திரம் அக்கா?"

"இருக்கறதைக் குடு, போதும்!"

இதைக் கேட்டுப் பெருச்சாளி கொண்டப்பனும் சேர்ந்துகொண்டது. தோண்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. கடைசியாக ஒரு தேரை தத்தித் தத்தி வந்தது. அது பேர் தவசி.

"எனக்கும் ஒரு மூலை குடுப்பீங்களா?"

கொண்டப்பன் வயிறு குலுங்கச் சிரித்தது. "உன் உடம்புல ஏதுய்யா சூடு? தொட்டா ஓடைக்கல்லு மாதிரி ஜில்லுங்குது! நாங்க காய்ச்சுவோம், நீ வந்து காயுவியா?"

"சூடு இல்லைதான் அண்ணே" என்றது தவசி. "ஆனா எனக்கு மண்ணு பூசத் தெரியும்."

"வரட்டும் விடு" என்றது நாச்சாத்தா. "சுவரு பூச ஆளு வேணும்ல!"

வேலை தொடங்கியது. மேற்கே பெரிய பாறை. காற்று அங்கிருந்துதான் அடிக்கும். அதனால் பாறைக்கு முதுகைக் கொடுத்து, காலை வெயில் நேராக நுழையும்படி கிழக்கே வாசல் வைத்தார்கள். நாலு வளைகளும் பலாச்சுளை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே திரும்பிப் படுத்தால் வால் சுவரில் முட்டும், அவ்வளவுதான் இடம். சுவருக்குக் காட்டெருமைச் சாணமும் களிமண்ணும். தரைக்குக் காய்ந்த புல், அதன்மேல் நாச்சாத்தாளின் உதிர்ந்த ரோமம்.

வாசலுக்கு ஒரு கணக்கு வைத்தார்கள். அவரவர் மீசை, மீசை இல்லாத தவசிக்கு உடம்பு, இரண்டு பக்கமும் உரசும் அளவுதான் வாசல். அதற்கு மேல் ஒரு புல் அகலம்கூடக் கூடாது. பொழுது சாய்ந்ததும் புல்லைப் பந்தாக உருட்டி வாசலை அடைக்க வேண்டும். அடைத்ததும் பக்கத்துச் சுவரில் ஒரு தட்டு. அவர் அடுத்த சுவரில் தட்டுவார். தட்டு சுற்றித் திரும்பி வந்தால், எல்லோரும் பத்திரம் என்று அர்த்தம்.

முதல் உறைபனி விழுந்தது. காலையில் நாச்சாத்தா வெளியே வந்து பார்த்தது. சரிவு முழுக்க உப்புத் தூவினது மாதிரி வெள்ளை. வளைகளின் கூரைமேலும் அதே வெள்ளை.

"பாருங்க! மேல பனி உருகலை! உள்ள இருக்கற சூடு ஒரு பொட்டுகூட வெளியே போகலை!" என்று அது துள்ளியது.

தவசி மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பாறைப் பிளவைப் பார்த்தது. அங்கே ஒரு சாரைப்பாம்பு குடியிருந்தது. "அதுவும் நல்லதுதான். வீடு இருக்கற இடமே வெளியே தெரியலை" என்று முணுமுணுத்தது.

அந்த வாரமே அரும்பு குட்டி போட்டது. ரோமம் இல்லாத, செக்கச்செவேலென்ற குட்டிகள். விடியற்காலையில் அரும்பு பயந்து பயந்து ஒவ்வொன்றாக மூக்கால் தொட்டுப் பார்க்கும். எல்லாம் கதகதப்பாக இருக்கும். அப்புறம்தான் அதற்கு மூச்சே வரும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கொண்டப்பனுக்குத்தான் உடம்பு சும்மா இருக்கவில்லை.

"ச்சே! இது வீடா, விளாம்பழ ஓடா? என் மச்சான் வந்தா எங்க உக்காருவான்? தலையைக் குனிஞ்சு என் வாசல்ல நுழைவானா அவன்?"

"உங்க மச்சான் எப்ப வர்றார் அண்ணே?" என்று கேட்டது அரும்பு.

"வருவான்! எப்ப வேணா வருவான்!"

யாருக்கும் சொல்லாமல் அது வாசலைத் தோண்டி அகலமாக்கியது. புல்பந்து பொருந்தவில்லை. "காத்து வந்தா வரட்டும், எனக்குக் கொழுப்பு இருக்கு" என்று விட்டுவிட்டது. அதோடு நிற்கவில்லை. உள்ளே இடம் பத்தாது என்று அரும்பு வீட்டுச் சுவரைத் தன் பக்கமிருந்து சுரண்டத் தொடங்கியது. சுரண்டிச் சுரண்டிச் சுவர் அரச இலை கனத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கம் குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் மறுபடி உறைபனி. சரிவெல்லாம் வெள்ளை. கொண்டப்பனின் வாசலைச் சுற்றி மட்டும் பனி உருகி, புல் கறுப்பாக நனைந்து கிடந்தது. ஒரு கறுப்பு வட்டம். அதன் நடுவிலிருந்து லேசாக ஆவி வேறு போனது.

நாச்சாத்தா அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது. "கொண்டப்பா! என்ன காரியம்டா பண்ணி வச்சிருக்கே? மூடுடா அதை!"

"நாளைக்கு மூடறேன் போ! என் வீடு, என் வாசல்!"

ஓடைக்கு அந்தப் பக்கம், பாறைப் பிளவுக்குள் ரெண்டு கண்கள் அந்தக் கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

மதியம் கொஞ்ச நேரம் வெயில் அடித்தது. பாம்புக்கு அந்த வெயில் போதும். உடம்பைக் காய்ச்சிக்கொண்டு ஓடையைத் தாண்டியது. பிறகு மூடுபனி இறங்கி மொத்தக் காட்டையும் மறைத்தது. அது வந்ததை யாரும் பார்க்கவில்லை.

கொண்டப்பன் வாசலில் வெளிச்சம் மறைந்தது.

"யாரு? மச்சானா?"

"இல்லை" என்றது ஒரு மெல்லிய குரல். "குளிருது. கொஞ்சம் ஒதுங்கிக்கறேன். வாசல் இவ்வளவு பெருசா இருந்துச்சா... எனக்குன்னே வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

கொண்டப்பன் மூலையில் ஒட்டிக்கொண்டது. பாம்பு சாவகாசமாக உள்ளே வந்து, உடம்பைச் சுவரோரம் நீட்டியது. அப்புறம் தலையைத் தூக்கி அந்த மெல்லிய சுவரில் வைத்தது.

"இந்தச் சுவரு கதகதன்னு இருக்கே! பின்னால யாரு? பால் வாசம் வருது."

இந்தப் பக்கம் அரும்புக்கு எல்லாம் கேட்டது. செதில் மண்ணில் உராயும் சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்... ஓடலாம் என்றால் குட்டிகள். தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் வெளியே அதே குளிர். போன வருஷம் விறைத்துக் கிடந்த குட்டிகள் கண்முன்னே வந்தன.

அப்புறம் எப்படியோ அடுத்த சுவரில் தட்டியது. ஒரு தட்டு இல்லை, படபடவென்று பல தட்டு.

நாச்சாத்தாளும் தவசியும் புல்பந்தை நகர்த்தி வந்து எட்டிப் பார்த்தார்கள். அரும்பு சுவரைக் காட்டியது. சுவர் லேசாக அசைந்தது, பின்னால் செதில் உராயும் சத்தம் கேட்டது.

"ஐயோ" என்று முயல் வாயைப் பொத்திக்கொண்டது. "இப்ப என்ன பண்றது?"

"எல்லா வாசலையும் தொறங்க" என்றது தவசி.

"உனக்கு என்ன பைத்தியமா?"

"அக்கா, அந்தாளு நம்ம சூட்டுலதான் நெளியறான். அவன் உடம்பும் என் உடம்பு மாதிரிதான், சொந்தச் சூடு கிடையாது. குளுந்து போனா எனக்குக் காலு மடங்காது, நாக்கு நீளாது. அவனுக்கும் அப்படித்தான். சூட்டை வெளியே விட்டா அவன் கட்டையாயிடுவான்!"

"என் குட்டிங்க?" என்றது அரும்பு.

"என் வயித்துக்கடியில வைடி" என்று நாச்சாத்தா பாறை மறைவில் போய்க் குந்தியது. "ஒவ்வொண்ணாக் கொண்டா. ஓடு!"

புல்பந்துகளை எடுத்தார்கள். இத்தனை நாள் சேர்த்து வைத்த சூடெல்லாம் புகை மாதிரி வெளியே போனது. மூடுபனி உள்ளே நுழைந்தது. அரும்பு ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடியது, வந்தது, ஓடியது.

தவசி பெரிய வாசலருகே போய் மெதுவாகச் சொன்னது. "கொண்டப்பண்ணே! அவன்கிட்டப் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க! அந்தச் சுவத்துப் பக்கம் விடாதீங்க!"

கொண்டப்பனுக்குப் பல் தந்தியடித்தது. ஆனாலும் பேசியது.

"அ... அந்தச் சுவரு வேண்டாங்க! ஈரம்! ஒரே நாத்தம்! இப்படி நடுவுல வந்து படுங்க, விசாலமா இருக்கு! நானே தோண்டினது! என் மச்சான்கூட..."

"உன் மச்சானும் உன்னை மாதிரி கொழுகொழுன்னு இருப்பானா?"

"இ... இருப்பான்! என்னைவிடப் பெருசு! நாளைக்கு வருவான்! நீங்க இருந்து பாத்துட்டே போலாம்!"

"நாளைக்குப் பாக்கலாம். இப்ப எனக்கு அந்தச் சுவருதான் வேணும்" என்றது பாம்பு. அதன் பேச்சு இழுத்தது. "என்ன... இப்படிக் குளிருது..."

அது மூக்கால் ஒரு முட்டு முட்டியது. சுவர் விரிசல் விட்டுப் பொலபொலவென்று உதிர்ந்தது.

அரும்பு கடைசிக் குட்டியை எடுக்க உள்ளே வந்த நேரம் அது. ஓட்டை வழியாகப் பாம்பின் தலை நீண்டிருந்தது. தலைக்கு நேர் கீழே குட்டி. பாம்பின் நாக்கு வெளியே வந்தது. மெதுவாக. மிக மெதுவாக. குட்டியின் முதுகைத் தொட்டது.

வாய் திறந்தது. பாதி திறந்து, அப்படியே நின்றது.

அரும்பு கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. அந்த வாய்க்குக் கீழே தலையை விட்டுக் குட்டியைக் கவ்வியது. திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

"அண்ணே, நீங்களும் வாங்க!" என்று தவசி கத்தியது.

வெளியே வர ஒரே வழிதான். பாம்பின்மேல் ஏறி வர வேண்டும். கொண்டப்பன் ஏறியது. ஒவ்வொரு அடிக்கும் அந்த உடம்பு காலடியில் லேசாக அசைவது போல இருந்தது. வெளியே வந்து விழுந்ததும் அது எழுந்து ஓடைக்கரைக்கு ஓடியது. களிமண்ணை அள்ளி அள்ளி வாசலில் கொட்டியது. தவசி பூசியது. அப்புறம் அரும்பு வீட்டுக்குள் ஓடி, நீண்டிருந்த பாம்பின் தலையை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, இடிந்த சுவரையும் முழங்கை கனத்துக்குப் பூசியது. கடைசிக் கை மண்ணை வைத்த இடத்திலேயே தவசியும் விறைத்து நின்றுவிட்டது. கண் மட்டும் திறந்திருந்தது.

கொண்டப்பன் அந்தச் சின்ன வாசல் வழியாகக் கையை விட்டு அதை வெளியே இழுத்து, தூக்கிக்கொண்டு பாறை மறைவுக்கு ஓடியது. மல்லாந்து படுத்து, அந்தக் குளிர்ந்த உடம்பைத் தன் வயிற்றின்மேல் வைத்து அணைத்துக்கொண்டது. பக்கத்தில் நாச்சாத்தாளின் ரோமத்துக்குள் அரும்பு ஒவ்வொரு குட்டியாக மூக்கால் தொட்டுப் பார்த்தது. எல்லாம் நெளிந்தன. எல்லாம் கதகதப்பாக இருந்தன.

கொஞ்ச நேரம் கழித்துத் தவசியின் வாய் அசைந்தது.

"ஜில்லுங்குதா அண்ணே?"

"பேசாமப் படுய்யா!" என்றது கொண்டப்பன். அதற்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் நாச்சாத்தா வீட்டுக்கு மறுபக்கம் கொண்டப்பனுக்குச் சின்னதாக ஒரு வளை தோண்டினார்கள். இப்போது தினமும் பொழுது சாயும்போது, ஒருவர் தன் வாசலில் நுழையும்போது இரண்டு பக்கமும் உரசுகிறதா என்று இன்னொருவர் பார்க்கிறார். முதலில் தன் வாசலைக் காட்டுவது கொண்டப்பன்தான். புல்பந்து அடைத்ததும் தட்டு சுற்றி வருகிறது. பூசி அடைத்த அந்தப் பழைய வளையின் சுவரில் மட்டும் யாரும் தட்டுவதில்லை.

எல்லோரும் சேர்ந்து காக்கிற வீடுகளில் ஒருவர் வீம்புக்கு வாசலைப் பெரிதாக்கினால், ஆபத்து அந்த வாசலில் நுழைந்து எல்லோர் வீட்டுக்கும் வரும், கண்ணுங்களா.

என்ன கேட்கிறாய்? அந்தப் பாம்பு செத்துப் போச்சா என்றா? அது யாருக்கும் தெரியாது. பங்குனி வெயில் ஏறின பிறகு, ஒரு சாயங்காலம் அரும்பு அந்தச் சுவரில் காதை வைத்துப் பார்த்ததாம். அப்போது உள்ளேயிருந்து மெதுவாக...

"ஏ புள்ள! தொட்டில்ல குழந்தை முழிச்சுக்கிச்சு பாரு!" என்று வீட்டுக்குள்ளிருந்து அத்தை குரல்.

இதோ வந்துட்டேன் அத்தை, இந்த மொச்சையை மட்டும்...