பிரமநாயகம் வரைந்த கோயில்

"இந்த இடம் என்னை ஏமாத்திருச்சும்மா" என்றார் பிரமநாயகம்.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிரமநாயகத்தைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் அவர்தான் குரு. அந்தப் பழைய கற்கோயிலுக்குப் பக்கத்தில், ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு தியானம் சொல்லிக்கொடுக்கிறார்.

"என்ன செஞ்சது?"

"மார்கழியில முதமுதல்ல வந்தப்போ எப்படி இருந்தது! சுத்திப் பச்சை வயல், குளம் நிறையத் தண்ணி, தாமரை. இந்தக் கோயிலைப் பார்த்துத்தானே, இனி என் காலம் இங்கதான்னு மகன்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தேன். இப்போ சித்திரை. அறுப்பு முடிஞ்சு வயலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. கோயிலைப் பார்த்தா மொட்டையடிச்ச மாதிரி இருக்கு. மனசு ஒரு இடத்துல நிக்கலை."

மனசு மட்டுமா? இதைச் சொல்லி முடிப்பதற்குள் மனுஷர் முற்றத்தை ஆறு தடவை அளந்துவிட்டார். தோளில் பை வேறு. நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். மகன் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்ற பயமும் கூடவே அலைந்தது. பாவம்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்கே தலை சுற்றும்.

"போறதுன்னா போங்க, அண்ணாச்சி" என்றார் உலகம்மை. "அதுக்கு முன்னால அந்த மார்கழிக் கோயிலை எனக்கு ஒரு தடவை வரைஞ்சு காட்டுங்க. இந்த மண்ணுலயே போதும். கோயிலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்க."

பிரமநாயகம் முப்பத்தோரு வருஷம் நில அளவை ஆபீஸில் வரைபடம் போட்டவர். ஒரு குச்சியை எடுத்துக் குத்தவைத்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் ஓரிடத்தில் இருந்தது அப்போதுதான்.

வரப்பு ஒன்று விடாமல் வந்தது. மடை வந்தது. குளத்தின் வளைவு, கரையில் ஏழு பனை, தாமரை, மூன்று கொக்கு. நடுவில் ஒரு பெட்டி போட்டு, அதன்மேல் ஒரு முக்கோணம் வைத்தார்.

"இது என்ன?"

"கோயில்."

"கோபுரம் எத்தனை நிலை?"

அவர் குச்சியால் மண்ணைக் கிளறினார்.

"அஞ்சு..." என்றார். "மூணோ?"

உலகம்மை மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

பிரமநாயகத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டதும் விறுவிறுவென்று எழுந்து நடந்தார்.

கோயிலைத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். கோபுரத்தடியில் நின்றார். அண்ணாந்து பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி கீழேயிருந்து எண்ணினார்.

பஸ் வந்து நின்று, மற்ற ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பை தோளிலிருந்து முழங்கைக்கு வழுக்கி வந்து தொங்கியது. அவருக்குத் தெரியவில்லை.

"அம்மா" என்று கூப்பிட்டார், திரும்பாமலே. "ரெண்டாம் நிலையில ஒருத்தி, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நிக்காளே. அவ எப்போ வந்தா?"

"நானூறு வருஷம் இருக்கும், அண்ணாச்சி."